கள்ளச்சாவியும் நல்லசாவியும்

பூட்டைச் சுற்றித் தமிழில் சொற்கள் பல உண்டு. தாழ், தாழ்ப்பாள், நாதாங்கி, கொண்டி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். திறப்பதற்கும் திறவுகோல், தாழ்க்கோல் என்னும் நல்ல சொற்கள் இருந்தன. அவற்றை ஏட்டில் வைத்துவிட்டுச் சாவி என்கிறோம். அது போர்த்துகீசியர் கப்பலில் வந்து இறங்கிய சொல். அலமாரியும் ஜன்னலும் அதனோடு வந்தவையே. தில்லியில் குடியேறிய நம்மவர் இங்குள்ளோர் 'சாபி' என்பதைக் கேட்டு, நம் சொல்லைத்தான் சற்றே திரித்துச் சொல்கிறார்கள் என்று மகிழ்வதுண்டு. உண்மையில் இருவரும் ஒரே கடையில் கடன் வாங்கியவர்கள்.

ஆனால் உரிய சாவியின்றி ஒரு பூட்டைத் திறக்கும் கைத்திறனுக்குத் தமிழில் நல்ல பெயர் ஒன்று கிடையாது. இருப்பது கள்ளச்சாவி என்னும் ஒரே சொல். பெயரிலேயே குற்றம் சாட்டித் தண்டனையும் கொடுத்துவிட்ட சொல் அது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் நாம் கைக்கொண்ட பொழுதுபோக்கு இதுவே என்பதால், வேறு பெயர் தேடி அகராதிகளைப் புரட்டிப் பார்த்தோம். பயனில்லை. நம் துணைவியார்தாம் அதற்குப் 'பூட்டு நோண்டுதல்' என்று பெயர் சூட்டினார். வீட்டளவில் அப்பெயரே நிலைத்துவிட்டது.

தபால்தலை சேர்ப்பவரை உலகம் மதிக்கிறது. நாணயம் சேர்ப்பவரை அறிஞர் என்கிறது. பூட்டுச் சேர்த்து அவற்றைச் சாவியில்லாமல் திறந்து பார்ப்பவரை மட்டும் ஏற இறங்கப் பார்க்கிறது. அந்தப் பார்வையில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஐரோப்பாவில் இதனை ஒரு விளையாட்டாகவே ஆடுவோர் உளர். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1997இல் இதற்கென ஒரு சங்கமே தோன்றியது. ஹாலந்து நாட்டிலும் அவ்வாறே ஒன்று தோன்றிப் பின்னர்ப் பிற நாடுகளுக்கும் பரவியது. போட்டிகள் நடத்துகிறார்கள், யார் விரைவில் திறக்கிறார் என்று கடிகாரம் வைத்துப் பார்க்கிறார்கள். அவர்களிடையே இரண்டு விதிகள் வழங்குகின்றன. உனக்குச் சொந்தமில்லாத பூட்டை, உடையவர் இசைவின்றித் தொடாதே என்பது ஒன்று. பயன்பாட்டில் உள்ள பூட்டைத் தொடாதே என்பது மற்றொன்று. இரண்டாவது விதி ஒழுக்கத்தைவிட அனுபவத்தில் பிறந்தது: நோண்டியதில் பூட்டு பழுதாகிவிட்டால், வீட்டுக்கு உடையவர் வெளியிலேயே நிற்க நேரும். இவ்விரு விதிகளையும் முதல் நாளிலிருந்தே நாமும் கடைப்பிடித்து வருகிறோம். நம் மேசையில் கிடப்பவை எல்லாம் சாவ்ரி பஜாரில் விலைகொடுத்து வாங்கியவையும், பழைய இரும்புக் கடைகளில் எடைக்குப் போடப்பட்டவையும்தான்.

பூட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சற்று விளக்குவோம். இன்று கதவுகளில் பொருத்தப்படும் உருளைப் பூட்டுகளில் ஐந்தாறு சிறு பித்தளை ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வோர் ஊசியின் தலையிலும் இன்னோர் ஊசியை ஒரு சுருள்வில் அழுத்திக்கொண்டிருக்கிறது. சாவியின் பற்கள் ஒவ்வோர் ஊசியையும் அதற்குரிய உயரத்திற்குத் தூக்குகின்றன. எல்லா ஊசிகளும் சரியான உயரத்தில் நிற்கும்போது, மேலூசிக்கும் கீழூசிக்கும் இடைப்பட்ட வெட்டுக்கோடு ஒரே நேர்கோட்டில் அமைகிறது, உருளை திரும்புகிறது. பண்டைய எகிப்தியர் மரத்தில் செய்த பூட்டுகளிலேயே இந்தத் தத்துவம் இருந்தது. அமெரிக்கரான லைனஸ் யேல் என்பவர் 1861இலும் 1865இலும் பெற்ற உரிமங்களால் அது கையடக்கமான உலோகப் பூட்டாகி உலகெங்கும் பரவியது.

எந்தத் தொழிற்சாலையிலும் ஐந்து துளைகளை மயிரிழையும் பிசகாமல் ஒரே கோட்டில் இட முடியாது. ஆகவே உருளையை மெல்லத் திருப்பிப் பிடித்தால் ஐந்து ஊசிகளும் ஒருசேர இறுகுவதில்லை. ஒன்றுதான் முதலில் இறுகும். அதை மெல்லிய எஃகுக் கம்பியால் உயர்த்தினால் சின்னதாக ஓர் ஓசை கேட்கும். உருளை இம்மியளவு அசையும். அடுத்தது இறுகும். இவ்வாறு பூட்டே தன் இரகசியத்தை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிவிடுகிறது. அந்த நேரத்தில் கண்ணால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை, விரல்நுனியே காதாகிவிடும். வீணையின் தந்தியில் சுருதி பிடிப்பவர்களுக்கு நாம் சொல்வது விளங்கக்கூடும். மூட்டுவலிக்கு மருந்து உண்ணும் வயதில் இந்தச் சுகம் வாய்த்ததை நாம் பேறாகவே கருதுகிறோம்.

நம் நாட்டில் மிகுதியாகத் தொங்குவது லீவர் பூட்டு. உள்ளே ஊசிகளுக்குப் பதிலாகத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டுவாய் உண்டு. சாவி எல்லாத் தகடுகளையும் உரிய உயரத்திற்கு உயர்த்தினால் அவ்வாய்கள் ஒன்றாகி, உள்ளிருக்கும் முளை நகர வழி கிடைக்கும். கடைக்காரர் '6 லீவர்', '7 லீவர்' என்று எண்ணைக் காட்டித்தான் விலை சொல்வார். நம்மவரும் அரிசி மூட்டையில் எடையைப் பார்ப்பதுபோல அந்த எண்ணைப் பார்த்து வாங்குவர். தகடு எத்தனை என்பதைவிட, அத்தகடுகள் எவ்வளவு நேர்த்தியாக வெட்டப்பட்டன என்பதே முதன்மை. இதைச் சொன்னால் கடைக்காரருக்குக் கோபம் வருகிறது.

தில்லியிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் அலிகர் இருக்கிறது. பூட்டு ஊர் என்றே அதற்குப் பெயர். ஒருமுறை சென்று வந்தோம். சந்துகளில் வீட்டுக்கு வீடு ஒவ்வொரு வேலை நடக்கிறது. ஒரு வீட்டில் வார்ப்பு, ஒரு வீட்டில் அரம், இன்னொரு வீட்டில் மெருகு. அந்தத் தெருக்களில் நின்றபோது நமக்குத் திண்டுக்கல் நினைவு வந்தது. நம் ஊர்ப் பக்கத்தில் மாங்காய்ப் பூட்டு தொங்காத பண்டகசாலை அந்நாளில் இல்லை. ஒவ்வொரு திண்டுக்கல் பூட்டும் ஒரு கைவினைஞர் வெட்டி, அராவி, பொருத்திச் செய்வது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்த வேளையில், செய்யும் கைகள் குறைந்துபோயிருந்தன. மலிவான இயந்திரப் பூட்டுகள் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டன. அலிகர் பூட்டும் அவற்றுள் அடக்கம். நம்மிடம் உள்ள ஒரு பழைய மாங்காய்ப் பூட்டு நம் கம்பிக்கு இன்றளவும் மசியவில்லை என்பதை ஊர்ப்பற்றோடு இங்கே பதிவு செய்கிறோம்.

பூட்டின் குறையை வெளியே சொல்லலாமா, கூடாதா என்பது பழைய வழக்கு. அவ்வழக்கு முழுவீச்சில் நடந்த ஆண்டு 1851, இடம் இலண்டன். அதற்கு முன் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக ஆங்கிலேயர் தம் பூட்டுகளை எவராலும் வெல்ல முடியாதவை என்று நம்பி வாழ்ந்தனர். 1784இல் ஜோசப் பிராமா என்பவர் ஒரு பூட்டுக்கு உரிமம் பெற்றார். பின்னர் பிக்கடில்லித் தெருவிலிருந்த அவருடைய கடைச் சாளரத்தில் அத்தகைய பூட்டு ஒன்று தொங்கவிடப்பட்டது. இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று அதனடியில் எழுதியிருந்தது. பிராமா 1814இல் காலமானார். பூட்டு மட்டும் சாளரத்தில் தொங்கிக்கொண்டேயிருந்தது. 1818இல் ஜெரமையா சப் என்பவர் இன்னொன்று செய்தார். அதில் யாரேனும் கம்பி நுழைத்து ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால், பூட்டு அப்படியே இறுகிக்கொள்ளும். உடையவர் அடுத்த முறை தம் சாவியைப் போடும்போது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பூட்டே காவற்காரனாகவும் ஒற்றனாகவும் இருந்த அந்த ஏற்பாட்டை நாம் இன்றும் வியக்கிறோம்.

1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு ஆல்பிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் தம் நிறுவனத்தின் பூட்டோடு வந்தார். ஜூலை 22ஆம் நாள், சாட்சிகள் பலர் சூழ்ந்திருக்க, சப் பூட்டு ஒன்றை 25 நிமிடங்களில் திறந்தார். திறந்ததோடு விடவில்லை, ஏழே நிமிடங்களில் மீண்டும் பூட்டியும் காட்டினார். வியப்பு என்னவென்றால், எந்த ஒற்றுவேலைக்காக அப்பூட்டு பெயர்பெற்றதோ அந்த உறுப்பே அவருக்குத் துணை செய்தது. எந்தத் தகடு அளவுக்கு மேல் உயர்ந்தது என்பதை அதுவே சொல்லிக்கொடுத்துவிட்டது! பிறகு பிராமாவின் பூட்டுக்குச் சென்றார். பதினாறு நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து, அதனையும் திறந்து 200 கினியைப் பெற்றார்.

இலண்டன் மாநகர் கலங்கியது. வங்கிகளும் நகைக்கடைகளும் எந்தப் பூட்டை நம்பி இரவில் உறங்கினவோ அது திறக்கக்கூடியது என்று தெரிந்துவிட்டது. ஹாப்ஸ் செய்தது நாட்டுக்குத் தீங்கு என்றனர் பலர். திருடர்களுக்குப் பாடம் நடத்திவிட்டார் என்றனர். 1853இல் ஹாப்ஸின் துணையோடு வெளிவந்த ஒரு நூலில் இதற்கு விடை கிடைத்தது. திருடர்கள் தம் தொழிலில் தேர்ந்தவர்கள். நாம் கற்பிக்கக்கூடியதைக் காட்டிலும் கூடுதலாகவே அறிந்தவர்கள். அறியாதிருப்பவர் பூட்டை வாங்கும் நல்லவர்கள் மட்டுமே, என்பது அதன் சாரம். அவ்விடை இன்றளவும் பழுதுபடவில்லை. ஹாப்ஸ் தாம் கொண்டுவந்த பூட்டை மட்டும் வெல்லவொண்ணாதது என்று எண்ணியிருந்தார். சில ஆண்டுகளுக்குள் அவ்வகைப் பூட்டையும் ஒருவர் திறந்து காட்டினார். மேலே கூறிய லைனஸ் யேல்தான் அவர்.

பூட்டு நோண்டியவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் பெயின்மன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லாஸ் அலமாஸில் அணுகுண்டு ஆய்வில் இருந்தவர். அங்கு இரகசியத் தாள்களை வைத்த இரும்பு அலமாரிகளுக்கு எண்பூட்டு போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் நூறுக்குள் அமைந்த மூன்று எண்கள்; ஆகப் பத்து இலட்சம் வகைகள். எந்த எண்ணிலும் இரண்டு கூடினாலும் குறைந்தாலும் பூட்டு ஏற்றுக்கொள்கிறது என்பதை அவர் கண்டுபிடித்தார். ஐந்துக்கு ஒன்று போதும் என்றால் இருபது, இருபது, இருபது. பத்து இலட்சம் எட்டாயிரமாகச் சுருங்கிவிட்டது. அதோடு, அலமாரி திறந்திருக்கும்போது அதன் அருகில் நின்று பேசிக்கொண்டே வட்டைத் திருப்பி, கடைசி இரண்டு எண்களையும் தெரிந்துகொள்ள வழி கண்டார். எஞ்சியது இருபது முறை முயல்வது மட்டுமே.

ஓக் ரிட்ஜ் என்னுமிடத்தில் ஒரு படைத்துறை அதிகாரியிடம் அவருடைய பெட்டகத்தையே திறந்து காட்டி, வேலை செய்யும்போது பெட்டகங்களைத் திறந்துவைக்க வேண்டாம் என்று ஆளுகைக்கு ஆணையிடுமாறு பெயின்மன் எடுத்துச் சொன்னாராம். அதிகாரி உடனே நடவடிக்கை எடுத்தார். பெயின்மன் யார் யார் அறைக்குப் போனார் என்று விசாரித்து, அவர்கள் எல்லாம் தம் பூட்டு எண்களை மாற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார்! குறையைச் சொன்னவரே குறையாகிவிட்டார். 1985இல் வெளிவந்த தம் நூலில் பெயின்மனே இதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அரசு அலுவலகத்தில் காலம் கழித்த நமக்கு அந்தச் சுற்றறிக்கையின் நடைகூடக் காதில் ஒலிக்கிறது.

இந்நூற்றாண்டிலும் கதை மாறவில்லை. 2003இல் மாட் பிளேஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஒரு கட்டிடத்தின் எல்லா அறைகளையும் திறக்கும் தலைமைச் சாவியை, ஒரே ஓர் அறையின் சாவியும் பூட்டும் சில வெற்றுச் சாவிகளும் வைத்திருப்பவர் உருவாக்கிவிடலாம் என்று எழுதினார். பூட்டுத் தொழிலாளர் சினந்தனர். அவர் கூறியது தவறு என்பதன்று அவர்களுடைய சினம். அது தொழிலில் உள்ளோருக்கு நெடுங்காலமாகத் தெரிந்ததுதான், வெளியே சொல்லியது தவறு என்பதே. அடுத்த ஆண்டில், புகழ்பெற்ற ஒரு வகை மிதிவண்டிப் பூட்டு சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் உறைக்குழலால் திறந்துகொண்டது. செய்தி பரவியதும் நிறுவனம் மாற்றுப் பூட்டு தர முன்வந்தது. செய்தி பரவாதிருந்தால் அது முன்வந்திருக்குமா என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இவற்றையெல்லாம் ஏட்டில் படித்துக்கொண்டிருந்த நமக்கும் நம் மாடிப்படியிலேயே அந்த வழக்கு வந்து சேர்ந்தது.

மே மாதம் பாதியில் தில்லிப் பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடப்படும். தமிழ்க் குடும்பங்கள் மூட்டை கட்டும் காலம் அது. ஊரில் ஒரு திருமணம், ஒரு காதுகுத்து, குலதெய்வத்திற்கு ஒரு பொங்கல் என்று மாதம் ஒன்று கழிந்துதான் திரும்புவோம். அதுவரை வீட்டைக் காப்பது வாசலில் தொங்கும் ஒரு பூட்டு. அண்டை வீட்டாரிடம் பால்காரருக்கும் செய்தித்தாள்காரருக்கும் சொல்லச் சொல்லிவிட்டு, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்போம். படியிறங்கிய பின் மீண்டும் ஏறிவந்து ஒருமுறை இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. வண்டி போபாலைத் தாண்டும்வரை பூட்டினோமா என்ற ஐயம் விடாது. இது நம் எல்லோருக்கும் பொதுவான அனுபவம்.

அத்தகைய ஒரு மே மாதத் தொடக்கத்தில், மேல்மாடியில் குடியிருக்கும் பாட்டியம்மா நம் வீட்டுக்கு வந்திருந்தார். பேசிவிட்டுப் புறப்படும்போது மேசைமீதிருந்த சாவியைத் தம்முடையது என்று எடுத்துச் சென்றுவிட்டார். சற்று நேரத்தில் மருமகளின் கைப்பிடித்து இறங்கி வந்தார்.

"அம்மாடி, இது உன் சாவியாம்ல? என் சாவி இடுப்பிலேயே இருக்கு. ஆனா இதைப் போட்டுத்தான் எங்க கதவைத் திறந்து உள்ள போனேன்" என்றார் நம் துணைவியாரிடம்.

பாட்டியம்மாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. மருமகளின் முகத்தில் வேடிக்கை இல்லை.

இரண்டு பூட்டுகளும் ஒரே கடையில் ஒரே பருவத்தில் வாங்கியவை. நம்முடையதைக் கழற்றிப் பார்த்தோம். ஐந்து தகடுகள், சாவியில் நான்கு வகை உயரங்கள். கணக்கின்படி 1,024 வகைச் சாவிகள் வரவேண்டும். ஆனால் தகடுகளின் வெட்டுவாய் மிகத் தாராளமாக வெட்டப்பட்டிருந்தது. அடுத்தடுத்த இரண்டு உயரங்களை அது வேறுபடுத்தி அறியவில்லை. நான்கு உயரம் இரண்டாகச் சுருங்கியது, 1,024 முப்பத்திரண்டாகிவிட்டது. பெயின்மனின் அலமாரிக்கு நேர்ந்ததே நம் வாசலுக்கும் நேர்ந்திருந்தது. அதே வகைப் பூட்டு நம் குடியிருப்பின் 64 வீடுகளில் இருபது வீட்டு வாசல்களில் தொங்குவது படியேறி இறங்கும்போதே கண்ணில் படும்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரிடம் சென்று, விடுமுறைக்கு முன் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட வேண்டும் என்றோம். பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்லவர். பொறுமையாகக் கேட்டார். பலகையை வீட்டார் மட்டுமா படிக்கிறார்கள், வேலையாட்களும் வண்டியோட்டிகளும் படிக்கமாட்டார்களா என்றார். ஊமையாக இருப்பதே பாதுகாப்பு என்பது அவர் கட்சி. அதோடு நிறுத்தியிருந்தால் வெறும் கருத்து வேறுபாடு என்று திரும்பியிருப்போம். "மதராஸி சாஹப், கண்ணியமான மனிதருக்குப் பூட்டைத் திறக்கும் கம்பிகள் எதற்கு?" என்றும் சிரித்துக்கொண்டே கேட்டார். முப்பது ஆண்டுகள் ஒரு நகரில் வாழ்ந்தபின்னும், ஒரு வினாவின் முன்னொட்டாக வரும் அச்சொல்லைக் கேட்டால் நாம் எங்கிருந்து வந்தோம் என்பது நினைவுக்கு வந்துவிடுகிறது.

ஆயினும் அவர் எழுப்பிய முதல் வினாவை நாம் ஒதுக்கிவிடவில்லை. பலகையில் எழுதினால் பூட்டை மாற்ற வசதியுள்ளவர் மாற்றுவர்; அன்றே வண்டியேறிவிட்டவரின் வீடு என்னாவது? ஹாப்ஸின் நூல் கூறும் விடை வங்கிக்குப் பொருந்தலாம். படிக்கட்டுக்கு அப்படியே பொருந்துமா என்று ஓர் இரவு முழுதும் எண்ணினோம். திருடர் எல்லாம் அறிவர் என்பது தேர்ந்த திருடருக்குப் பொருந்தும் பேச்சு. பக்கத்து வீட்டுச் சாவியைப் போட்டுப் பார்க்கும் எண்ணம் இதுவரை தோன்றாத ஒரு விடலைப் பையனுக்கு அதைத் தோற்றுவிப்பது நம் அறிவிப்பாகவும் இருக்கலாம் அல்லவா?

துணைவியார் வேறொன்றைக் கேட்டார். "நீங்கள் பேசாமல் இருந்து, நாளை ஒரு வீட்டில் களவு போனால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? நீங்கள் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு களவு போனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்?" இரண்டிற்கும் விடை ஒன்றே என்பது நமக்குத் தெரிந்திருந்தது. எப்படியும் தட்டப்போகிறார்கள் என்றால் சொல்லிவிட்டே இருப்போம் என்றார். பலகை வேண்டாம், வீடு வீடாகச் செல்வோம் என்பதும் அவர் சொன்ன வழியே.

இருபது வீடுகளுக்கும் இருவரும் சேர்ந்து சென்றோம். சிலர் காப்பி கொடுத்தார்கள். சிலர் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்கள். ஒருவர் மட்டும், "என் பூட்டு என்ன பூட்டு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நம்முடையதும் பாட்டியம்மாவுடையதும் அந்த இருபதில் அடங்கியவை; மறுத்தவர் நீங்கப் பத்தொன்பது பூட்டுகளும் சாவிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கூடத்து மேசைக்கு வந்தன. ஒவ்வொரு பூட்டுக்கும் வீட்டு எண் எழுதிய சீட்டு கட்டினோம். கம்பியை நாம் கையிலெடுக்கவே இல்லை. அவரவர் சாவியை அவரவரே பிறர் பூட்டில் போட்டுப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம். மொத்தம் 342 முறை போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, குழந்தைகளுக்குத் திருவிழாதான். ஐந்து இடங்களில் ஒரு வீட்டுச் சாவி மற்றொரு வீட்டுப் பூட்டைத் திறந்தது. முதற்பூட்டு திறந்தபோது எழுந்த சிரிப்பு, மூன்றாவது திறந்தபோது இல்லை. தத்தம் சாவி எந்த வீட்டுக்குப் பொருந்தியது என்று இரு குடும்பத்தாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையில் ஒரு கூச்சம் இருந்தது.

அன்று வந்தோரிடம் இன்னொன்றும் கூறினோம். பெரும்பாலான திருடர்கள் பூட்டை நோண்டிக்கொண்டு நிற்பதில்லை. கடப்பாரையால் கொண்டியைப் பெயர்த்துவிடுகிறார்கள். ஆயிரம் ரூபாய்ப் பூட்டை, நான்கு சிறு திருகாணிகள் பிடித்திருக்கும் தகரக் கொண்டியில் மாட்டுவதால் பயனில்லை. கதவின் மறுபுறம்வரை சென்று மரையால் இறுக்கப்பட்ட கொண்டி வேண்டும். வளையத்தின் ஒருபுறத்தைச் சுருள்வில் மட்டுமே பிடித்திருக்கும் மலிவுப் பூட்டுகளை வாங்க வேண்டா. அவற்றுக்குச் சாவியே தேவையில்லை. வாசலில் வெளியே தொங்கும் பூட்டு, உள்ளே ஆளில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லும் பலகையும் ஆகும். இயன்றவர்கள் கதவின் உடலுக்குள்ளேயே பதியும் பூட்டைப் போடுவது நலம். இவையெல்லாம் தெருமுனையில் மிதிவண்டியில் சாவிக்கொத்தோடு அமர்ந்திருக்கும் சாபிவாலா அறிந்த செய்திகளே. அவர் வெற்றுச் சாவியைப் பூட்டுக்குள் நுழைத்து அசைத்து, அதில் விழும் தடங்களைப் பார்த்துப் பார்த்து அராவி, நம் கண்முன்னே புதுச் சாவி செய்துவிடுகிறார். கால் மணியில் முடித்துவிட்டாரே என்று கூலியைக் குறைத்துப் பேசுகிறோமே ஒழிய, இவ்வளவு விரைவில் முடிகிறதே என்று நம் பூட்டைப் பற்றி நாம் நினைப்பதில்லை.

அந்த ஆண்டு பதினான்கு வீட்டார் ஊருக்குப் புறப்படுமுன் பூட்டை மாற்றினார்கள். இருவர், சாவி பொருந்தியது யார் வீட்டோடு என்று தெரிந்தபின், அவர்கள் நல்லவர்கள் என்று சொல்லி மாற்றாமலே சென்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டவர் வீட்டிலும் ஒரு வாரத்தில் புதுப்பூட்டு தொங்கியது. நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பூட்டு விற்ற கடைக்காரரிடம் ஐந்து இணைகளையும் காட்டினோம். அவர் அடுத்த பெட்டியிலிருந்து இரண்டைத் தாமே எடுத்துச் சாவி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அப்பெட்டியைத் தட்டின் கீழே வைத்தார்.

மொட்டைமாடிக் கதவின் பொதுப்பூட்டும் அதே வகைதான். அதை மாற்ற வேண்டும் என்று செயலாளரிடம் எழுத்து வழியாகவே விண்ணப்பித்திருக்கிறோம். செயற்குழு கூடும்போது எடுத்துக்கொள்ளப்படும் என்று பதில் வந்தது. செயற்குழு இருமுறை கூடிவிட்டது.